கூட்டத்துக்குச் சனம் வராவிட்டால் அது யாருடைய பிழை?

வாசகர் (ஏ9 வீதியோரம்), 2025 யூன் 29

தேர்தல் முடிந்து எங்கள் வன்னியில் பிரதேச சபைகள் திரும்ப வந்துவிட்டன. பேஸ்புக் பக்கம் திறந்திருக்கிறார்கள், வட்ஸ்அப் இலக்கம் கொடுத்திருக்கிறார்கள், ஓட்டோ பிடித்து அறிவிக்கிறார்கள். போன கிழமை எங்கள் வட்டாரத்தில் மக்கள் சந்திப்பு வைத்தார்கள். நாற்பது கதிரை போட்டு ஒன்பது பேர் வந்தோம். அதில் இரண்டு பேர் மைக் செட்காரர். சனத்துக்கு அக்கறை இல்லை, அவ்வளவுதான். சபையைக் குறை சொல்வதை நிறுத்துவோம். மறுப்பவர்கள் எழுதலாம்.

2025 யூலை 1

மறுக்கிறேன்.

சனத்துக்கு அக்கறை இல்லை என்பவர் எங்கள் பக்கத்துப் பயிர்ச்செய்கைக் கூட்டம் ஒன்றுக்கு வந்து வாசலடியில் நின்று பார்க்க வேண்டும். இந்த வருடச் சிறுபோகக் கூட்டத்தில் மண்டபத்துக்குள் இடமில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்று கேட்டார்கள். நீர்ப்பாசனப் பொறியியலாளர் குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று வாசித்தார். பின்வரிசையில் ஒருவர் எழும்பி, "ஐயா, அது போன கிழமைக் கணக்கு. நேற்றுக் காலமை நான் அளவுகோலைப் பார்த்தனான், குறைஞ்சிட்டுது" என்றார். அவர் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். பொறியியலாளர் குளத்தடியில் நிற்பவருக்குப் போன் எடுத்துக் கேட்டு, எண்ணைத் திருத்தினார். அப்புறம் தொடங்கியது சண்டை. மொத்தம் எத்தனை ஏக்கர், ஒருவருக்கு எத்தனை, வாய்க்கால் துப்புரவு எந்தத் திகதிக்குள், கடைசி விதைப்பு எப்போது, மாடுகளை எப்போது அப்புறப்படுத்துவது, மூன்று மாத நெல்லா மூன்றரை மாதமா. மதியச் சாப்பாடு ஆறியும் யாரும் எழும்பவில்லை.

அங்கே ஏன் சனம் வருகிறது? வராவிட்டால் நட்டம். 1946 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்க நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நடக்கிற கூட்டம் அது. அங்கே எழுதப்படும் திகதி எல்லாரையும் கட்டும். தண்ணீர் திறக்கிறவரையும் கட்டும், மாட்டுக்காரரையும் கட்டும். நான் போகாவிட்டால் என் பங்கு ஏக்கரை இன்னொருவர் கதைத்துக் குறைத்துவிடுவார்.

சபையின் மக்கள் சந்திப்பையும் நான் பார்த்திருக்கிறேன். மங்கல விளக்கு, மௌன வணக்கம், வரவேற்புரை. தவிசாளர் பேசினார், உறுப்பினர்கள் பேசினார்கள். கடைசியில் "உங்கள் பிரச்சினைகளைச் சொல்லுங்கள்" என்றார்கள். சொன்னோம். ஒரு பிள்ளை கொப்பியில் எழுதினார். அடுத்த சந்திப்பில் அதையே சொன்னோம், புதுக் கொப்பியில் எழுதினார்கள். மூன்றாவது சந்திப்புக்கு என் மனைவி கேட்டார்: "போறீங்களோ, இல்லாட்டி அந்த வேலியைக் கட்டுறீங்களோ?" வேலியைக் கட்டினேன்.

2025 யூலை 1, இரவு

மைக் செட்காரரையும் கணக்கில் சேர்த்துச் சொன்ன உங்கள் நேர்மைக்கு நன்றி. பேஸ்புக்கில் அது "பெருந்திரளான மக்கள் பங்கேற்பு" என்று வந்திருக்கும், போய்ப் பாருங்கள்.

2025 யூலை 5

சபை ஓட்டோ பிடித்து அறிவிக்கிறது என்று எழுதியிருந்தீர்கள்.

எங்கள் ஊரில் ஓட்டோவில் ஸ்பீக்கர் கட்டி வந்தால் முதலில் எல்லாரும் கேட்பது "ஆர் செத்தது?" என்றுதான். மரண அறிவித்தலுக்கு ஓட்டோ மெதுவாகப் போகும், ஒவ்வொரு ஒழுங்கை முகப்பிலும் நிற்கும். செத்தவரின் பெயர், அன்னாரின் மனைவி, மருமக்கள், தகனம் எத்தனை மணிக்கு, எல்லாம் இரண்டு தரம் சொல்லும். ஊருக்கு விளங்கும். செத்த வீட்டுக்கு ஆள் வரவேண்டும் என்று அறிவிப்பவருக்கு உண்மையிலேயே எண்ணம் இருக்கிறது.

சபையின் ஓட்டோ பிரதான வீதியால் ஓடும். ஓட்டம் கிலோமீற்றர் கணக்குக்குப் பேசியது, நிற்க நேரமில்லை. வீட்டுக்குள் இருப்பவருக்குக் கேட்பது வசனத்தின் வால் மட்டும்: "...தவறும் பட்சத்தில் சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்பதை இத்தால்..." எது தவறினால், எப்போது தவறினால் என்பது முன்வீட்டுக்காரருக்குத்தான் கேட்டிருக்கும். போன வருடம் கட்டாக்காலி மாடு பிடிக்கிற அறிவித்தல் இப்படித்தான் போனது. மாடு பிடிபட்ட பிறகுதான் பாதிப்பேருக்கு விசயம் தெரியும். தண்டம் கட்டி மாட்டை அவிழ்த்துவந்த எங்கள் பக்கத்து வளவுக்காரர், சபையைப் பற்றிப் பேச்சு வந்தால் இப்போதும் "தவறும் பட்சத்தில் ஆக்கள்" என்றுதான் சொல்வார்.

இத்தனைக்கும் மாடு அப்புறப்படுத்தும் திகதி பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே முடிவாகியிருந்தது. கமக்காரர் அமைப்புத் தலைவருக்கு ஒரு போன் எடுத்திருந்தால் அன்று பின்னேரமே ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும். ஓட்டோக் காசும் மிச்சம்.

2025 யூலை 12

"றோட்டு உடைந்தால் யாரிடம் சொல்வது என்றே சனத்துக்குத் தெரியாது, அதையும் சபையா சொல்லிக்கொடுக்க வேண்டும்?" என்று ஒருவர் கொஞ்சம் சூடாக எழுதியிருக்கிறார். ஓம், சபைதான் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஏனென்றால் இது படித்தவர்களையும் சுற்றவைக்கிற விசயம்.

ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு. சி, டி வகை மாகாண வீதித் திணைக்களத்துக்கு. அதற்குக் கீழே ஊருக்குள் ஓடுவது பெரும்பாலும் பிரதேச சபைக்கு. வாய்க்கால் கட்டுப் பாதை நீர்ப்பாசனத்துக்கு, வயல் பாதையில் கொஞ்சம் கமநல சேவைக்கு. அரசாங்க அலுவலகமான பிரதேச செயலகம் வேறு, நாங்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் பிரதேச சபை வேறு. எங்கள் பெரிசுகளுக்கு இரண்டும் "ஏ.ஜி.ஏ ஒபிஸ்" (உதவி அரசாங்க அதிபர் கந்தோர்)தான். எல்லைகளும் ஒன்றோடொன்று பொருந்தாது. கிளிநொச்சி மாவட்டத்தில் பிரதேச செயலகங்கள் நான்கு, பிரதேச சபைகள் மூன்று. கரைச்சிப் பிரதேச சபைதான் கண்டாவளையையும் பார்க்கிறது. கிளிநொச்சி நகரத்துக்குத் தனி நகர சபை இல்லை, அதுவும் கரைச்சிக்குள்தான். வெளியூரிலிருந்து வருகிறவர் இதை நம்பமாட்டார்.

இப்போது என் கதை. எங்கள் ஊருக்குள் போகும் கிறவல் றோட்டில், வாய்க்கால் குறுக்கிடும் இடத்தில் மதகு உடைந்துபோனது. ஒரு ஒபிசில் சொன்னார்கள்: "வாய்க்காலுக்கு மேலதானே கிடக்கு, நீர்ப்பாசனத்திட்டக் கேளுங்கோ." அங்கே போனால்: "கீழ ஓடுற தண்ணிதான் எங்கட. மேல ஓடுற வாகனம் அவையின்ர." பள்ளிக்கூட வான் ஒரு மழைக்காலம் முழுக்கச் சுற்றுப்பாதையால் போனது.

பிறகு ஒரு தம்பி சொல்லித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கடிதம் எழுதினேன். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஏன் கேட்கிறீர்கள் என்று உங்களிடம் காரணம் கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. தகவல் அலுவலர் 14 வேலைநாளுக்குள் தருகிறோமா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். நான் மதகைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லை. "உங்கள் சபைக்குரிய வீதிகளின் பட்டியல், இந்த வட்டாரத்துக்கு மட்டும்" என்று கேட்டேன்.

பட்டியல் வந்தது. எங்கள் றோட்டு அதில் இருந்தது. ஆனால் வேறு பெயரில். இடப்பெயர்வுக்கு முன்னரே காலமாகிவிட்ட ஒருவரின் வளவுப் பெயரில் ஒழுங்கை என்று பதிந்திருந்தார்கள். அந்தப் பெயரை இன்றைக்கு ஊரில் யாரும் சொல்வதில்லை. நாங்கள் ஒரு பெயரால் முறையிட, அவர்கள் இன்னொரு பெயரில் தேட, இரண்டு பக்கமும் தங்கள் அளவில் நியாயம். பட்டியலைப் பிடித்துக்கொண்டு உறுப்பினரிடம் போனேன். மதகு கட்டவில்லை, சீமெந்துக் குழாய் இரண்டு போட்டு மண் நிரப்பினார்கள். வான் போகிறது.

2025 யூலை 13

மேலே எழுதியதற்கு ஓர் ஒட்டு. "வீட்டுக்கு வந்து ஏதும் கேட்பார்களோ" என்று ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். சிரிக்கவில்லை, எங்கள் பக்கத்தில் அரசாங்கத்துக்குக் கடிதம் எழுதுவதென்றால் இந்தக் கேள்வி வரத்தான் செய்யும். என்னிடம் யாரும் வரவில்லை. வீதிப் பட்டியலும் சந்தைக் குத்தகைக் கணக்கும் கேட்பதில் பயப்பட ஒன்றுமில்லை.

2025 யூலை 26

திருச்சியிலிருந்து ஒரு வாசகர்: "உங்களிடம் கிராம சபைக் கூட்டம் கிடையாதா?"

ஐயா, சட்டப்படி கிடையாது. உங்கள் ஊரில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, ஒக்டோபர் 2 என்று நாள் குறித்துக் கூடுவதும், பின்னர் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டையும் சேர்த்ததும் எங்களுக்கும் தெரியும். அங்கேயும் வரவுப் புத்தகத்தில் கையெழுத்து வாங்கிவிட்டு எழும்பிப்போகிற கதைகள் உண்டு என்று உங்கள் ஊர்க்காரரே எழுதுகிறார்கள். என்றாலும் ஊரில் வாக்குரிமை உள்ளவர் எல்லாரும் அந்தச் சபையின் அங்கத்தவர் என்று சட்டத்தில் இருப்பது பெரிய விசயம்.

எங்களிடம் ஒரு காலத்தில் கிராமச் சபைகள் இருந்தன. தெரிவுசெய்யப்பட்ட சின்னச் சபைகள். ஆங்கிலத்தில் வில்லேஜ் கவுன்சில், சுருக்கமாக வி.சி. எங்கள் அப்பு "வி.சி. கிணறு", "வி.சி. சேர்மன்" என்றுதான் பேசுவார். சேர்மன் சைக்கிளில் வருவாராம், மறித்துக் கேட்கலாமாம். 1980களின் தொடக்கத்தில் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது அவற்றைக் கலைத்தார்கள். பிறகு 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கச் சட்டம் வந்து, 1988 இலிருந்து பிரதேச சபைகள். பரப்பளவு பெரிது. வன்னியில் ஒரு சபையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு பஸ் மாறித்தான் போகவேண்டும்.

அதோடு எங்களுக்குச் சபை என்பதே பழக்கமில்லாத ஒன்று. போருக்குப் பிறகு கிளிநொச்சியில் சபைத் தேர்தல் 2011 யூலையில்தான் நடந்தது. புதுக்குடியிருப்பும் கரைத்துறைப்பற்றும் 2018 வரை காத்திருந்தன. 2018 இல் வந்த சபைகள் 2023 மார்ச்சில் முடிந்தன. அந்த மார்ச்சில் நடக்கவேண்டிய தேர்தல் காசில்லை என்று தள்ளிப்போய், 2025 மே 6 இல்தான் வாக்களித்தோம். இடையில் இரண்டு வருடம் செயலாளர்தான் சபை. அப்போது ஒரு பொது மனுவைக் கொண்டுபோனால் வாங்கிவைப்பார்கள், விவாதிக்க ஆள் இல்லை. சனம் உறுப்பினரை மறந்து திரும்ப விதானையாரிடம் (கிராம அலுவலரிடம்) போகப் பழகிவிட்டது. அந்தப் பழக்கத்தை இரண்டு மாதத்தில் மாற்ற முடியாது.

2025 ஆகஸ்ட் 3

பேஸ்புக் பக்கம்.

நல்லதைச் சொல்கிறேன்: குப்பை வண்டி வரும் நாளைப் போடுகிறார்கள், கேள்வி (ரெண்டர்) அறிவித்தலைப் போடுகிறார்கள். அது உதவி. மற்றதெல்லாம் படம். கிறவல் பறிக்கும் படம், கிறவலுக்குப் பக்கத்தில் உறுப்பினர் நிற்கும் படம், கிறவல் போட்டு முடிந்த பிறகு நாடா வெட்டும் படம்.

கீழே கமெண்ட் பார்த்தால் ரொறன்ரோ, லண்டன், சூரிச். ஊரில் இருப்பவர் எழுதுவது குறைவு. அங்கிருப்பவருக்கு ஊர்மேல் பாசம், தவறில்லை. ஆனால் நடந்ததைக் கேளுங்கள். சந்தியில் லைற் எரியவில்லை என்று சுவிஸில் இருக்கும் எங்கள் ஊர்ப் பெடியன் கமெண்ட் போட்டான், படத்தில் கம்பம் இருட்டாகத் தெரிகிறதாம். ஒரு கிழமைக்குள் லைற் எரிந்தது. அதே கம்பத்துக்குக் கீழே கடை வைத்திருப்பவர் மாதக்கணக்காக நேரில் போய்ச் சொல்லிக்கொண்டிருந்தவர்.

அதனால்தான் எத்தனை பேர் லைக் போட்டார்கள் என்பதை நான் மக்கள் பங்களிப்பு என்று எடுப்பதில்லை. லைற் எரிந்ததற்குக் காரணம் அந்தக் கமெண்ட்டை எல்லாரும் பார்த்ததுதான். கடைக்காரர் கவுண்டரில் சொன்னதை யார் பார்த்தார்கள்?

2025 ஆகஸ்ட் 4

கடைக்காரர் இன்று என்னிடம் அந்தப் பெடியனின் நம்பர் கேட்டார். கடைக்கு முன்னால் வாய்க்கால் அடைத்திருக்கிறதாம், சூரிச் வழியாக ஒரு முறைப்பாடு போடவேண்டுமாம்.

2025 ஆகஸ்ட் 17

யூலை 1 இல் எழுதியதைத் திரும்ப வாசித்தேன். பயிர்ச்செய்கைக் கூட்டத்தைக் கொஞ்சம் கூடத் தூக்கிப் பிடித்திருக்கிறேனோ என்று ஒரு யோசனை. அங்கே வராதவர் யார் என்று நான் சொல்லவில்லை.

காணி இல்லாதவர் வரமாட்டார். குத்தகைக்குச் செய்பவர் வந்தாலும் பின்னுக்குத்தான் நிற்பார். கடைசி வாய்க்காலில் வயல் வைத்திருப்பவர் கத்துவார், தலைவாய்க்கால்காரர் முடிவெடுப்பார். பெண்கள் மிகக் குறைவு, அதுவும் எங்கள் பக்கத்தில் பெண்ணே தலைமை தாங்கும் குடும்பங்கள் இத்தனை இருக்கும்போது. காணி அவர் பெயரில் இருக்கும், கூட்டத்துக்குத் தம்பியோ மருமகனோ போவார். ஆக, அந்தக் கூட்டம் உயிரோடு இருப்பது உண்மை, எல்லாருக்குமான கூட்டம் என்பது உண்மை இல்லை.

சபை இந்த விசயத்தில் முன்னுக்கு நிற்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். உறுப்பினர்களில் 25 வீதம் பெண்கள் என்ற ஏற்பாடு 2018 தேர்தலோடு வந்தது. முதலில் "கணக்குக்குப் போட்டது" என்று நாங்கள் பகிடி விட்டோம். எங்கள் பக்கத்து அக்கா ஒருவர் போன சபையில் இருந்தார். மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்துக்கு அவர் வந்தால் பெண்கள் கிணற்றையும் மலசலகூடத்தையும் மதுக்கடையையும் பற்றிப் பேசினார்கள். ஆண்கள் எங்களிடம் வந்தால் கிறவல், கிறவல், கிறவல்.

சபை வைக்கும் கூட்ட நேரத்தையும் பாருங்கள். வேலைநாள் காலை பத்து மணி. கூலிக்குப் போகிறவர் வயலில், ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளைகள் வேலையில், மீனவர் கடலால் வந்து நித்திரையில். அந்த நேரத்தில் வரக்கூடியவர் ஓய்வூதியக்காரரும் நானும்தான்.

2025 ஆகஸ்ட் 31

"வரி கட்டாத சனத்துக்குக் கேள்வி கேட்க என்ன உரிமை?" என்று வவுனியா நகர வாசகர் கேட்டது நியாயமான குத்து. நகரத்துக்காரர் சோலைவரி (வீட்டுக்கும் காணிக்கும் சபை போடும் வரி) கட்டுகிறார், பற்றுச்சீட்டைக் காட்டிச் சண்டை பிடிக்கிறார். எங்கள் ஊரில் பெரும்பாலான வீட்டுக்கு அந்த வரியே இல்லை. சபை அபிவிருத்தியடைந்த பகுதி என்று அறிவித்த இடங்களில் மட்டும்தான் அது அறவிடப்படும். வன்னியில் அப்படியான இடம் சந்தியைச் சுற்றிக் கொஞ்சம். ஊழியர் சம்பளம் பெரும்பாலும் அரசாங்கத்திலிருந்து வருகிறது. மிச்ச வருமானம் சந்தைக் குத்தகை, வியாபார உரிமம், முத்திரைத் தீர்வை, நீதிமன்றத் தண்டப்பணம்.

கேள்வி கேட்கும் உரிமை வரியால் வருவதில்லை, வாக்கால் வருகிறது. அதைத் தள்ளிவைப்போம். ஆனால் உங்கள் கேள்வி வேறொரு இடத்தில் என்னைக் கொழுவியது. காசு எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம்தான் சபையின் முகம் திரும்பியிருக்கும். மேலிடத்திலிருந்து வரும் காசுக்கு மேலிடத்துக்கு அறிக்கை எழுதுவார்கள். மூன்று பிரதியில், படத்தோடு. எங்களுக்கு அறிக்கை எழுத யாரும் அவர்களைக் கேட்கவில்லை.

சோலைவரி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. போடச் சொல்லி எழுதினால் ஊருக்குள் தலை காட்ட முடியாது.

2025 செப்டெம்பர் 14

மழைக்காலம் வருகிறது. வெள்ள அறிவித்தல் பற்றியும் பேசத்தானே வேண்டும்.

2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கனகராயன் ஆற்றுக்குக் கீழே கண்டாவளைப் பக்கம் என்ன நடந்தது என்று எல்லாருக்கும் நினைவிருக்கும். என் தங்கச்சி குடும்பம் அங்கேதான். "தாழ்நிலப் பகுதி மக்கள் அவதானமாக இருக்கவும்" என்ற செய்தி போனில் வந்ததாம். தங்கள் வீடு தாழ்நிலமா இல்லையா என்று மச்சானும் தங்கச்சியும் வாக்குவாதப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில் முற்றத்துக்குத் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியில் அவர்களை எழுப்பிக்கொண்டு போனது கோயில் ஸ்பீக்கர். அதில் பேசியவர் அந்த ஊர்க்காரர்: இன்ன ஒழுங்கை, இன்னாரின் வீடு தொடக்கம் இன்னாரின் வீடு வரைக்கும் உடனே பள்ளிக்கூடத்துக்குப் போங்கோ, பத்திரங்களை எடுங்கோ, ஆடுமாட்டை அவிழ்த்து விடுங்கோ.

அனர்த்த முகாமைத்துவ இலக்கம் 117 எல்லா இடமும் ஒட்டியிருக்கிறது, நல்லது. ஆனால் கதவு இத்தனை அடி திறந்தால் எந்த ஒழுங்கைக்கு எத்தனை மணித்தியாலத்தில் தண்ணீர் வரும் என்று கீழ்ப்பக்க ஊர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள் முன்கூட்டியே எழுதி, கோயிலிலும் தேவாலயத்திலும் சங்கக்கடையிலும் கொடுத்துவைக்கலாம். உறுப்பினருக்குத் தன் வட்டாரம் ஒழுங்கை ஒழுங்கையாகத் தெரியும், நீர்ப்பாசனத்துக்குத் தண்ணீர் தெரியும். இரண்டு பேரையும் ஒரு மேசையில் இருத்தினால் போதும்.

மொழியைப் பற்றியும் ஒருவர் கேட்டார். சபையிலிருந்து வருவதெல்லாம் தமிழ்தான், பிரச்சினை இல்லை. கொழும்பிலிருந்து நேரே வரும் சில கடிதங்கள்தான் சிங்களத்தில் மட்டும் வரும். அதற்கு முறையிட ஓர் இலக்கம் வைத்திருக்கிறார்கள்: 1956. தனிச்சிங்களச் சட்டம் வந்த வருடத்தையே போன் நம்பராக வைத்தவருக்குப் பகிடி தெரிந்திருக்கிறது.

2025 செப்டெம்பர் 28

ஊரில் ஒன்று செய்து பார்த்தோம், எழுதிவைக்கிறேன்.

கிராம அபிவிருத்திச் சங்கம் உறுப்பினரைக் கூப்பிட்டது. மூன்று நிபந்தனை. பின்னேரம் ஆறரைக்குப் பிறகு. வரவேற்புரை, மாலை, விளக்கு ஒன்றும் இல்லை. "பிரச்சினைகளைச் சொல்லுங்கள்" என்ற கேள்வியும் இல்லை, ஒரே கேள்வி: இந்த வட்டாரத்துக்கு வந்த காசில் ஓர் ஒழுங்கைக்குத்தான் கிறவல் போடலாம், எதுக்கு? தொகையை உறுப்பினர் தாளில் எழுதிக் கொண்டுவர வேண்டும். முதலில் அவர் தயங்கினார். தொகையைச் சொன்னால் கரைச்சல் வருமாம். சொல்லாவிட்டாலும் கரைச்சல்தான் என்று சொல்லிக் கூட்டிவந்தோம்.

கோயில் மடத்தில் இடம் போதவில்லை. கதிரைக்காரரிடம் போகவும் இல்லை, பாய் விரித்து இருந்தார்கள். சங்கத் தலைவர் வீட்டு ஒழுங்கைக்கா, கிளினிக்குக்குப் போகும் ஒழுங்கைக்கா என்று வந்து நின்றது. தலைவரின் ஒழுங்கைக்காரர் நல்லாய்க் கதைத்தார்கள், நெல் ஏற்றும் உழவு மெஷின் புதைகிறது என்றார்கள், பொய் இல்லை. அப்போது ஏழு மாத வயிற்றோடு இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "நெல்லு மூட்டைய இறக்கி ஏத்தலாம், என்னை என்னெண்டு இறக்கி ஏத்துறது?" என்று கேட்டதும் மடம் முழுக்கச் சிரிப்பு. அதோடு முடிவு தெரிந்துவிட்டது. தலைவரும் கடைசியில் கை உயர்த்தினார். முகம் மட்டும் கொஞ்சம் இறுக்கம்.

முடிவைப் பெரிய தாளில் எழுதிச் சங்கக்கடைச் சுவரில் ஒட்டினோம்: எந்த ஒழுங்கை, எவ்வளவு தொகை, எத்தனை மீற்றர். இரண்டு நாளில் யாரோ கீழே நீலப் பேனையால் "எப்ப?" என்று எழுதிவிட்டார்கள். உறுப்பினருக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அடுத்த நாள் அவரே வந்து அந்தக் கேள்விக்குக் கீழே ஒரு திகதி எழுதிக் கையெழுத்து வைத்தார். வேலைக்கு வந்தவர்கள் அந்தத் திகதிக்கு நான்கு நாள் பிந்தினார்கள். இந்த முறை பிந்தியது ஊருக்கே தெரிந்தது. போகிற வருகிறவர் எல்லாம் உறுப்பினரை மறித்துக் கேட்டார்கள், அவரும் ஒப்பந்தகாரருக்குப் போன் எடுத்துக்கொண்டே இருந்தார்.

இதைப் பெரிய வெற்றி என்று எழுதவில்லை. ஓர் ஒழுங்கை, கொஞ்சக் கிறவல். சந்தை வளவைக் குத்தகைக்குக் கொடுப்பது போன்ற பெரிய முடிவுகள் இன்னும் எங்கள் கண்ணில் படாமல்தான் நடக்கின்றன.

2025 ஒக்டோபர் 5

ஏ9 வாசகர் திரும்ப எழுதியிருக்கிறார்: "சரி, ஒரு கிறவல் கூட்டத்தை நீங்கள் நடத்தினீர்கள். அதையே சபை நடத்தினால் சனம் வருமா?" தொகையையும் திகதியையும் கொண்டுவந்தால் வரும். வெறுங்கையோடு வந்தால் திரும்பவும் மைக் செட்காரர்தான்.

முழங்காவில் தங்கச்சி, வரவு செலவுத் திட்டம் பற்றி நீங்கள் கேட்டதற்கு. அடுத்த வருடத்துக்கான வரைவைச் சபை நிறைவேற்றுவதற்கு முன்னர் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். வருடக் கடைசியில் அறிவித்தல் பலகையில் ஒரு சின்னத் தாளாகத் தொங்கும், கண்ணில் படாது. இப்போதே ஒபிசில் கேட்டுவையுங்கள். சபையின் மாதக் கூட்டத்தைப் பார்வையாளராக இருந்து பார்க்கலாம், பேச முடியாது. ஆனால் பிரதேச சபைகள் சட்டம் குழுக்களில் உறுப்பினர் அல்லாத ஊரவரையும் சேர்க்க இடம் தருகிறது. உங்கள் மாதர் சங்கத்திலிருந்து ஒருவரின் பெயரைக் கொடுத்து, சேர்க்கும்படி தவிசாளருக்கு எழுதுங்கள். செயலாளருக்கும் பிரதி போடுங்கள்.

கடிதம் ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு கடிதத்தில் ஒரு விசயம். றோட்டையும் லைற்றையும் நாயையும் ஒன்றாக எழுதினால் மூன்று மேசைக்கு இடையில் நின்றுவிடும். வீதிப் பெயரை அவர்களின் பட்டியலில் இருக்கிறபடி எழுதுங்கள். இரண்டு பிரதி கொண்டுபோய், ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை குத்தமாட்டோம் என்றால் சண்டை பிடிக்காமல் வந்து பதிவுத் தபாலில் அனுப்புங்கள், பற்றுச்சீட்டைக் கடிதப் பிரதியோடு குத்திவையுங்கள்.